சான்றிதழ் உள்ள குதிரை

குதிரை ஏறத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர். தெரியாதவர்கள் மிச்சப் பேர். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. ஏறுகிறவனுக்குக் கீழே நின்று சொல்லிக்கொடுக்கும் இனம் அது.

இவர்கள் ஏறவே மாட்டார்கள். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையைக் காற்றில் வீசிக்கொண்டு, தரையில் உறுதியாக நின்று, மேலே இருப்பவன் எப்படி உட்கார வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குதிரை என்பது ஒரு பேச்சுக்குத்தான். அந்த இடத்தில் சைக்கிளை வையுங்கள், நீச்சல் குளத்தை வையுங்கள், கேஸ் சிலிண்டரை வையுங்கள், எல்லாம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா, வா, வரலாம், இன்னும் வரலாம்" என்று கையாட்டி, சுவரில் டமால் என்று இடித்ததும் "அதான் நில்லுன்னேனே" என்பவர் யார்? இவர்தான். மருத்துவமனையில் நர்ஸம்மாவுக்கு நரம்பைக் காட்டிக்கொடுப்பவர் யார்? இவரேதான். எதிரில் யாராவது ஊசியில் நூல் கோத்தால் இவருடைய உதடு தானாகக் குவியும்.

அங்க அடையாளம் ஒன்றே ஒன்று போதும். எந்த உபதேசத்தையும் இவர் இப்படித்தான் முடிப்பார்: "பயப்படாத, நான் இருக்கேன்."

எங்கே இருக்கிறார்? தரையில்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், டெல்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில் விளைவதற்கு ஒரு தனி மெருகு இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருஷம் ஃபைல்களோடு வாழ்ந்ததால், காகிதத்தில் இருப்பது மட்டும்தான் உலகத்தில் இருக்கிறது என்று இவர்களுக்கு மனதில் படிந்துபோயிருக்கும். ஆர்.கே.புரம் கலியமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பள்ளிப் படிப்போடு பரீட்சை எழுதி, குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்து, ஒரு மத்திய சர்க்கார் இலாகாவில் இருபத்தேழு வருஷம் தேய்த்து, செக்‌ஷன் ஆபீசராக உயர்ந்தவர். அப்பா தவறிய பிறகு, பதினேழு வயசு இளையவனான தம்பி பிரதீப்பை ஆறு வயசில் ரயிலேற்றி அழைத்து வந்து, லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியில் சேர்த்து, இன்ஜினியர் ஆக்கி நிறுத்தியவர். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக்கு வந்தாலும், காப்பி ஆறுவதற்குள் பிரதீப்பின் மதிப்பெண் பட்டியல்கள் லேமினேட் செய்யப்பட்ட நிலையில் மேஜைக்கு வந்துவிடும்.

பிரதீப்புக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் கலியமூர்த்தி. நாலு நாள் சாயங்காலம், பூங்காவில், பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். நீச்சல் கற்றுக்கொடுத்தவரும் அவரே. குளத்தின் விளிம்பில் செருப்புக் காலோடு நின்று, கையை இப்படி வீசு, காலை அப்படி உதை என்று விவரம் விவரமாகச் சொன்னார். அப்புறம் ஸ்கூட்டர். கலியமூர்த்திக்கு சைக்கிள் விடத் தெரியுமா, நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. பிரதீப் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டான். அதுதான் வினை. ஒரு முறையாவது அவன் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டிருந்தால் அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வரவில்லை. அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று தம்பி நம்புகிறான். அந்த நம்பிக்கை ஒன்றுதான் கலியமூர்த்தி டெல்லியில் சம்பாதித்தவற்றுள் அவர் மிகவும் போற்றியது. அதில் ஒரு கீறல் விழுவதைவிட எந்த உயரத்திலிருந்தும் தாமே விழத் தயாராக இருந்தார்.

உயரம் வந்து சேர்ந்தது, கல்யாண ரூபத்தில்.

பிரதீப்போடு வேலை பார்க்கும் ரிதிமா பஞ்சாபிப் பெண். அவளுடைய அப்பா மெஹ்ரா தங்கமான மனுஷர். காலை முகூர்த்தமா, ஆகட்டும். வாழையிலைச் சாப்பாடா, ஆகட்டும். மாங்கல்யம், நலங்கு, ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். மாப்பிள்ளை அவர்கள் வழக்கப்படி வெள்ளைக் குதிரைமேல்தான் மண்டபத்துக்கு வர வேண்டும். கேட்டுவிட்டு, "உங்க பக்கத்துல குதிரை பழக்கம் உண்டா?" என்று இந்தியில் மரியாதையாக விசாரித்தார்.

"குதிரையா? நான் பாத்துக்கறேன்" என்றார் கலியமூர்த்தி. "வைஷ்ணோ தேவிக்குக் குதிரைலதானே போயிட்டு வந்தேன். முழு மலையும்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி உமாமகேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வைஷ்ணோ தேவிக்கு அவளும்தான் போயிருந்தாள். லீவ் டிராவல் சலுகையில் போன அந்த யாத்திரையில், கோவேறு கழுதைக்கும் குதிரைக்கும் நடுவிலான ஒரு பிராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கந்த சஷ்டிக் கவசத்தை முதல் வரியிலிருந்து முதல் வரிக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தவர் யார் என்பது அவளுக்குத் தெரியும். முன்னால் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான் என்பதும் தெரியும். அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குதிரையைத் தேர்ந்தெடுக்க முனிர்காவில் சோட்டேலால் என்பவரின் லாயத்துக்குப் போனார்கள். அங்கே இரண்டு குதிரைகள். ஒன்று சம்பா. பதினாலு வருஷமாக மாப்பிள்ளைகளைச் சுமக்கிறது. முதுகு கொஞ்சம் பள்ளம், நிறம் வெளுக்காத பனியன் மாதிரி. காதோரம் பட்டாசு வெடித்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். இன்னொன்று பர்ஃபி. வந்து மூன்று வாரம் ஆகிறது. பால்கோவா வெள்ளை, பளபளவென்று.

"பேப்பர் இருக்கா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"பேப்பரா? இது குதிரை, பாபுஜி" என்றார் சோட்டேலால்.

சம்பாவிடம் காகிதம் இல்லை. பர்ஃபியிடம் இருந்தது. மிருக வைத்தியரின் சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில், முத்திரையோடு: வயது நான்கு, தடுப்பூசி போட்டாயிற்று, பார்வை நன்று, நான்கு கால்களும் நன்று. கலியமூர்த்தி அதை இரண்டு பக்கமும் படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மாப்பிள்ளையையோ வேறு மனுஷரையோ இந்தக் குதிரை எப்போதாவது சுமந்திருக்கிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. படிவம் கேட்காததை மனிதன் கேட்கலாமா? இருபத்தேழு வருஷப் பயிற்சி அப்படி.

"நல்ல குட்டிதான் பாபுஜி. ஆனா இன்னும் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்ல. சம்பா பக்கத்துல இல்லேன்னா ஓர் அடி வெக்காது" என்றார் சோட்டேலால்.

"பழகிடும். இதையே எடுத்துக்கறேன்."

தம்மைவிட ஜூனியர் ஒருவரின் பெயரைப் பணிமூப்புப் பட்டியலில் தமக்கு மேலே போட்டுவிட்டார்கள் என்று பதினோரு மாதம் மனு எழுதி, பட்டியலைத் திருத்தவைத்து, அந்தத் திருத்தத்தின் நகலை இன்றும் பூஜை அலமாரியில் வைத்திருக்கும் மனுஷர் அவர். பதினாலு வருஷ சீனியரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தார். சம்பா கண்ணைத் திறக்கவில்லை. அது மனு எழுதும் வழக்கம் உள்ளதாகத் தெரியவில்லை.

அப்புறம் நிகழ்ச்சி நிரல். நாலு பக்கம், ஸ்டேப்ளர் போட்டு, அறுபது பிரதிகள். புரோகிதருக்கு ஒன்று, நாதஸ்வரக்காரருக்கு ஒன்று, தமிழ் தெரியாத பேண்டு வாத்தியக்காரர்களுக்கு இந்தியில் தனியாக. ஏழாவது வரிசை: "7.40: மாப்பிள்ளை குதிரை ஏறுதல்." எட்டாவது: "7.42: டோல் மேள முழக்கம், புறப்பாடு." ஏறுவதற்கு இரண்டு நிமிஷம். தாராளம் என்று நினைத்தார்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு சோட்டேலால் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தபோது அவர் பின்னால் இரண்டு குதிரைகள். பர்ஃபிக்கு ஜரிகைத் துணியும் நெற்றிச் சுட்டியும் போட்டிருந்தது. சம்பா வெறும் முதுகோடு, சோட்டேலாலின் மைத்துனர் கையில்.

"நிரல்ல ஒரு குதிரைதானே போட்டிருக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"சம்பா சும்மா கூட நடந்து வரும் பாபுஜி. அது கூட இருந்தா இது அடங்கி வரும்."

"கூட்டத்துல குழப்பம். அதை மண்டபத்து வாசலுக்கு அனுப்பிடு. நான் பாத்துக்கறேன்."

"யோசிச்சுக்கோங்க பாபுஜி."

"யோசிச்சுத்தானே போட்டிருக்கேன்" என்று நிரலைக் காட்டினார்.

மைத்துனர் சம்பாவை ஓட்டிக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பியதும் பர்ஃபி கழுத்தைத் தூக்கி ஒரு முறை நீளமாகக் கனைத்தது.

"சந்தோஷத்துல கனைக்குது" என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார் கலியமூர்த்தி.

தலைப்பாகையும், அதிலிருந்து முகத்தை மறைத்துத் தொங்கும் செஹ்ரா என்னும் பூச்சரமுமாக பிரதீப் வெளியே வந்தான். சரத்தை விலக்கிக் குதிரையைப் பார்த்தான். குதிரையும் அவனைப் பார்த்தது.

"அண்ணா, இதோட கண்ணைப் பாரேன். என்னைவிட இதுக்குத்தான் ஜாஸ்தி டர் லகுது." டெல்லியில் வளர்ந்தவனுக்குப் பயம் இந்தியில்தான் வரும்.

"பயப்படாத, நான் இருக்கேன். இடது காலை வளையத்துல வை, முதுகை நேரா வை, கீழ பாக்காத, கடிவாளத்தை இழுக்காத, விடவும் செய்யாத."

"நீ ஒரு தடவ ஏறிக் காட்டேன்."

கலியமூர்த்தியின் வலது கை காற்றில் அப்படியே நின்றது.

"முகூர்த்த வேளையில என்னடா விளையாட்டு?"

"சச்சி சொல்றேண்ணா. நீ ஏறிட்டா எனக்கு ஹிம்மத் வந்துரும், தைரியமா ஏறிடுவேன். சைக்கிள்லகூட நீ ஏறிக் காட்டினதே இல்ல."

"காட்டுங்களேன்" என்றாள் ஆரத்தித் தட்டோடு நின்ற உமாமகேஸ்வரி. "வைஷ்ணோ தேவி மாதிரியே."

மூன்று மாடி பால்கனிகளிலும் ஆட்கள். எனக்கும் தெரியாதுடா என்ற இரண்டு சொல் கலியமூர்த்தியின் தொண்டைவரை ஏறி வந்தது. சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்திருக்கும். சோட்டேலால் சம்பாவைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். ஆனால் பிரதீப்பின் கண்ணைப் பார்த்தார். புதுடெல்லி ரயில் நிலையத்தில் இறங்கியபோது ஆறு வயசுப் பையன் இவ்வளவு கூட்டத்தில் அண்ணனுக்கு வழி தெரியுமா என்று நிமிர்ந்து பார்த்த அதே கண். தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"அந்தத் தலைப்பாகையக் குடு. செஹ்ரா கலையாம எப்படி உக்காரணும்னும் சேத்தே காட்டிடறேன்."

உண்மைக் காரணம் வேறு. மேலே இருக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

முக்காலி போட்டார்கள். முதல் முயற்சியில் அரிசி மூட்டை மாதிரி குறுக்கே கிடந்தார். இரண்டாவதில் உட்கார்ந்தார். கீழே நின்று பார்க்கும்போது குதிரை ஓர் ஆள் உயரம். மேலே போனால் அது மாடி. பர்ஃபி கழுத்தைத் திருப்பி, தன் முதுகில் வந்து சேர்ந்தது என்ன என்று பார்த்தது. அதற்கும் இது முதல் தடவை, நிஜக் குதிரை என்ற வகையில் அவருக்கும் முதல் தடவை. வித்தியாசம் ஒன்றுதான்: பர்ஃபி யாரிடமும் தெரியும் என்று சொல்லியிருக்கவில்லை.

"கயிறை விடு, நானே பிடிச்சுக்கறேன்" என்றார் சோட்டேலாலிடம். தம்பி பார்க்கிறான் அல்லவா. சோட்டேலால் தயங்கித் தயங்கிக் கயிற்றை விட்டார். "பாத்தியா பிரதீப், இப்ப முதுகை..."

டோல்காரர் கையில் நிரல் இருந்தது. செஹ்ரா கட்டிய ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்தாயிற்று. மணியைப் பார்த்தார். ஏழு நாற்பத்திரண்டு. எழுதியிருந்தபடியே ஓங்கி ஓர் அடி அடித்தார்.

இருபத்தேழு வருஷத்தில் கலியமூர்த்தி தயாரித்த நிரல்களில் இவ்வளவு துல்லியமாக அமலுக்கு வந்தது வேறு இல்லை.

பர்ஃபி நாலு காலும் தரையை விட்டு எழும்பிற்று. அது தெரியாத ஊரில் தெரியாத சத்தத்தைக் கேட்ட நாலு வயசுக் குட்டி. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சம்பா. சம்பா போன திசையில் அது புறப்பட்டது.

பாய்ச்சல் என்று சொல்ல முடியாது, குதியோட்டம். ஒவ்வொரு குதிக்கும் கலியமூர்த்தி சேணத்தை விட்டு எழும்பி, அது மேலே வரும் நேரம் பார்த்துச் சரியாகக் கீழே போய்க்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சொன்ன உபதேசங்கள் வரிசையாக அவரிடமே வந்தன. முதுகை நேரா வை. முதுகு குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. கீழே பாக்காத. பூச்சர இடுக்கில் கீழே மட்டும்தான் தெரிந்தது. பயப்படாத, நான் இருக்கேன். அவர் இருந்தார், அதுதான் அவருடைய பயமே.

பால் பூத்தில் நின்ற வரிசை விலகி வழிவிட்டது. டிடிசி பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி மாப்பிள்ளைக்கு ஒரு சலாம் வைத்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஆபீஸ் சகா ராஜசேகரன் மனைவியிடம், "நம்ம கலியமூர்த்தி தம்பி போறான் பாரு. எவ்ளோ லாவகமா ஓட்டுறான். எல்லாம் அண்ணன் ட்ரெயினிங்" என்றார். கோயில் குன்று கண்ணில் பட்டதும் கலியமூர்த்தி மலை மந்திர் முருகனை மனசுக்குள் கூப்பிட்டார். மயில்மேல் போகிறவர் அவர். குதிரை விஷயத்தில் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

பின்னால் சோட்டேலால் ஓடினார், பிரதீப் ஓடினான், பட்டுப்புடவைகள் ஓடின, பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். மதராஸிகள் பராத் என்னும் மாப்பிள்ளை ஊர்வலத்தை இப்படித்தான் நடத்துவார்கள் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

மண்டபத்து வாசலில் சம்பா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தது. பர்ஃபி நேரே போய் அதன் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது.

மெஹ்ரா கடிகாரத்தைப் பார்த்தார். நிரலில் சொன்னதைவிட இருபது நிமிஷம் முன்னதாக மாப்பிள்ளை வந்தாயிற்று. "பாத்தீங்களா, எவ்ளோ பங்க்ச்சுவல்" என்று உறவுக்காரர்களிடம் பெருமைப்பட்டார். மாலை விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். சம்பந்தியம்மாள் ஆரத்தித் தட்டை மூன்று சுற்று சுற்றினாள்.

நான் மாப்பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். பல் கிட்டிப்போயிருந்தது. கையை ஆட்டியாவது காட்டலாம். இரண்டு கையும் பிடரி மயிரில் சிக்கியிருந்தன, அவற்றை எடுக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

"இறங்கு பேட்டா" என்றார் மெஹ்ரா.

குதிரைமேல் இருந்தவர் பிடரி மயிரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கூச்சப்படுறான், பாவம்" என்றாள் ஒரு அத்தை.

நெற்றியில் திலகமிட, சம்பந்தியம்மாள் பூச்சரத்தை விலக்கினாள். உள்ளே கோணிக்கிடந்த மூக்குக்கண்ணாடி, அதன் கீழே நரைத்த மீசை, மீசையில் ஒரு ரோஜா இதழ்.

"ஹே ராம்" என்றாள் அந்த அத்தை மெதுவாக. "ஒரே ராத்திரியில பையன் இப்படி ஆயிட்டானே."

மெஹ்ரா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "கலியமூர்த்தி ஜி? பிரதீப் எங்கே?"

பிரதீப் அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. குதிரைக்குப் பக்கத்தில் வந்து, அண்ணனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இறங்குண்ணா."

"முடியலடா." கலியமூர்த்தி அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு, குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுடா" என்றார்.

"தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னு தெரியும். சைக்கிள் கத்துக்கிட்டப்பவே தெரியும். ஒரு நாள் நீ ஸ்டாண்டை எடுக்கத் தெரியாம நின்னுட்டிருந்தே."

"அப்புறம் ஏண்டா ஏறச் சொன்னே?"

"நீ முடியாதுன்னு சொல்லுவே, ரெண்டு பேருமா டாக்ஸில வந்துடலாம்னு பாத்தேன்."

கலியமூர்த்தி மீசையிலிருந்த ரோஜா இதழை ஊதித் தள்ளினார்.

வழக்கம் வழக்கம்தான். மாப்பிள்ளை குதிரையில் வந்தாக வேண்டும். அண்ணன் தலையிலிருந்த தலைப்பாகையை எடுத்துத் தம்பி தலையில் வைத்தார்கள். சோட்டேலால் ஜரிகைத் துணி எதுவும் இல்லாத சம்பாவைத் தெருவில் ஐம்பது அடி பின்னால் கூட்டிக்கொண்டுபோய், பிரதீப்பை ஏற்றி, "கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, அதுவும் மூடிக்கிட்டுத்தான் வரும்" என்றார். சம்பா புறப்பட்டது. காகிதம் எதுவும் இல்லாமல், கண்ணைக்கூடத் திறக்காமல், காதுக்குப் பக்கத்தில் டோல் அதிர, தண்ணீர்க் குடம் ததும்பாமல் வருவதுபோல் வாசலை நோக்கி நடந்தது.

ஆனால் சம்பா போகும் இடத்துக்கெல்லாம் பர்ஃபியும் போகும் அல்லவா? ஐம்பது அடி பின்னால் போனபோது பின்னாலேயே போயிற்று. திரும்பி வந்தபோது பின்னாலேயே வந்தது. கலியமூர்த்தியை இறக்குவதற்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் மாப்பிள்ளை முன் குதிரையிலும், அவனுக்குப் பின்னால் இன்னும் பெரிய மாலையோடு அண்ணன் பின் குதிரையிலும் வருவதை இன்றும் பார்க்கலாம். அண்ணனின் வாய் திறந்திருக்கும். என்ன சொல்கிறார் என்பது பக்கத்தில் நடந்துவந்த உமாமகேஸ்வரியின் காதில் விழுந்திருக்கிறது.

"முதுகை நேரா வை பிரதீப். கீழ பாக்காத."

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் குதிரைமேல் இருந்துகொண்டு அதைச் சொன்னது, தெரிந்தவரையில், அந்த ஒரு முறைதான்.

முகூர்த்தம் தவறவில்லை. பந்தியில் இரண்டாவது பாயசம் வருவதற்குள் கதை திருந்திவிட்டது. "புதுக் குதிரை பாருங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் கலியமூர்த்தி. "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பழக்கி வெக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? அதான் முன்னாலயே வந்து வழியப் பாத்துட்டேன்." எதிர் வரிசையில் மெஹ்ராவின் அண்ணன் மகன். குளிர்காலத்தில் அவனுக்குக் கல்யாணமாம், குதிரை பார்க்க வேண்டுமாம்.

"நான் பாத்துக்கறேன்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த உமாமகேஸ்வரி அவர் இலையில் அப்பளத்தை வைக்காமல் அடுத்த இலைக்குப் போனாள்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவர், சோட்டேலாலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "சம்பா நல்ல குதிரை. அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வை. அடுத்த தடவை யோசிக்கலாம்."

நீங்கள் இப்படி இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் அடக்கமானவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறவர், குதிரை வளர்க்கும் தெருவில்கூடக் குடியிருந்ததில்லை. ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். பர்ஃபி ஓடத் தொடங்கிய இடத்தில், கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் கடிவாளத்தை இப்படி லேசாக, ஒரு பக்கமாக இழுத்திருந்தால் நின்றிருக்குமே என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?

அப்படியானால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இடது கை எங்கே இருக்கிறது?